ஏழாம் எண் நாற்காலி

மூன்றாம் நாள் மதியம்
வான்கோழி சாண்ட்விச் பன்னிரண்டு வந்தது.
ஒன்றின் மேல் மட்டும் 'கடுகு வேண்டாம்' என்று எழுதியிருந்தது.
அது என்னுடையது.
அவ்வளவு கவனமாக நடந்துகொண்டது அந்த நீதிமன்றம்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், லொரீன் டாக்கெட்.
ஜூரி அறையில் பெயர் கிடையாது.
ஏழாம் எண்.
ஓக்லஹோமாவின் செம்மண் சாலைகளில்
காலையில் நாற்பத்தொரு பிள்ளைகளை ஏற்றி
மாலையில் நாற்பத்தொன்றையும் எண்ணி இறக்குவேன்.
எண்ணுவதில் நான் பிசகியதில்லை.

அவன்தான் செய்தான் என்பதில் சண்டையே இல்லை.
பெட்ரோல் நிலையக் கேமராவில்
ராய்ஸ் ப்ரூட்டின் முகம் இருந்தது, துப்பாக்கி இருந்தது,
டெல்ஃபினா ஒகாம்போ இருந்தாள், பத்தொன்பது வயது,
சில்லறை எண்ணிக்கொண்டு.
சுட்ட பிறகு குனிந்து
ஒரு சாக்லெட்டையும் எடுத்துக்கொண்டான்.
அந்தச் சாக்லெட்டைத்தான்
எங்களில் ஒருவராலும் மன்னிக்க முடியவில்லை.

சண்டை அடுத்த கேள்வியில்.

"உயிருக்கு உயிர், அவ்வளவுதான்" என்றார்
விதைக்கடை ஹோஸ்டெட்லர்.
"கடவுள் வீட்டுக் கணக்கு அப்படியில்லை" என்றாள்
பல் மருத்துவமனைப் பெண்.
ஆயுள் முழுக்கச் சோறு போடவா நம் வரி என்றது ஒரு குரல்.
கொல்வதற்குத்தான் அதிகம் செலவாகும் என்றது இன்னொன்று.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும்
விலை பேசினோம்.

முதல் சீட்டில் ஏழுக்கு ஐந்து.
மறு சீட்டில் பத்துக்கு இரண்டு.
வியாழன் இரவு பல் மருத்துவமனைப் பெண் அழுதுவிட்டு மாறினாள்.
வெள்ளி காலை நான் மட்டும்.
ஒருத்தி நின்றால் போதும்,
ஆயுள் தண்டனை.

என்னிடம் வாதம் ஏதும் இருக்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
சிறையில் யாரோ அவசரமாக அவனுக்கு முடி வெட்டியிருந்தார்கள்.
ஒரு காது மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.
அப்படிக் காது வைத்த பையன்கள்
என் பேருந்தின் பின்வரிசையில் எத்தனையோ பேர்.
"இதெல்லாம் ஒரு காரணமா?"
இல்லை என்றேன்.

"அவள் அம்மாவைப் பார்த்தாயா?"
பார்த்தேன்.
எல்லா நாளும் ஒரே நீல ஸ்வெட்டர்,
தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. மகளுடையதாக இருக்கலாம்.
அந்த முகத்தின் முன்னால்
என் இரக்கம் திருட்டுப் பொருள் போலிருந்தது.

மணி நாலரை.
ஒருவருக்கு மகளின் கல்யாண ஒத்திகை.
ஒருவருக்குச் சினைமாடு.
எனக்கு முதுகுவலி.
"இனிச் சீட்டு எதற்கு,
கை தூக்குங்கள்" என்றார் ஹோஸ்டெட்லர்.

எங்கள் மாநிலத்தில் கயிறு இல்லை, ஊசிதான்.
ஆனாலும் தூக்கியது நான்.
வலது கை, காதுக்குச் சற்று மேலே.
ஜன்னலைத் திறக்கலாமா என்று
பிள்ளைகள் கேட்கும் அதே உயரம்.

தீர்ப்பு என்றார்கள்.
பதினாறு வருடம் அது தீரவில்லை.
மேல்முறையீடு, தேதி, தள்ளிவைப்பு, மறுபடி தேதி.
ஒவ்வொரு தேதிக்கும் தொலைக்காட்சியில் அந்த நீல ஸ்வெட்டர்,
முழங்கையில் நூல் பிரிந்து.
அவளுக்கும் சேர்த்துத்தான் தண்டனை எழுதியிருக்கிறோம் என்பது
எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

போன மாதம் ஒரு இளம் வக்கீல் வந்தான்,
வாசல் மிதியடியில் சேற்றைத் துடைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினான்.
இன்று கேட்டால் மாறியிருப்பேன் என்று எழுதியிருந்தது.
கையெழுத்துப் போட்டேன், அதே கை.
கருணைக் குழுவில் ஐந்து பேராம்.
மூன்றுக்கு இரண்டு.

வியாழன் காலை பத்து மணி.
பிள்ளைகளை இறக்கியாயிற்று, நாற்பத்தொன்று.
கடைசி வரிசை வரை நடந்து
யாரும் தூங்கிப்போய்விடவில்லையே என்று பார்ப்பது விதி.
பார்த்தேன்.
திரும்பி வந்து,
மறுபடி போய்ப் பார்த்தேன்.

பின்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.
யாரிடமும் கேட்காமல் திறந்திருக்கிறார்கள்.
மூடவில்லை.